கள்ளிச் செடி ஏன் அழுகுகிறது? வீட்டுக்குள் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"கள்ளிதானே, தண்ணியே ஊத்த வேண்டாம்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் செடியைக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் இன்னொருவர், "வாரம் ஒரு தடவை கால் டம்ளர் ஊத்து, போதும்" என்பார். "கம்ப்யூட்டர் பக்கத்துல வை, கதிர்வீச்சை இழுத்துக்கும்" என்று மூன்றாவது யோசனையும் வரும். மூன்றையும் கேட்டு நான் வைத்த முதல் கள்ளி நான்கு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையைத் துடைக்கும்போது துணி லேசாகப் பட்டது, செடி அப்படியே சாய்ந்துவிட்டது. மேலே முள்ளும் பச்சையும் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தன. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு, அழுகிக் கறுத்த வாழைப்பழம் போலக் குழைந்திருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்தேன். மேல்மண் காய்ந்து உதிர்ந்தது. நடுவில் எலுமிச்சை அளவுக்குத் தென்னை நார்த்தூள் உருண்டை ஒன்று, பிழிந்தால் நீர் சொட்டும் ஈரத்தோடு இருந்தது. அழகுக்காக வாங்கிய அந்தப் பீங்கான் கிண்ணத்தின் அடியில் துளை கிடையாது.

வாரத்துக்குக் கால் டம்ளர் மட்டும் குடித்த பாலைவனச் செடி எப்படி அழுகும்? இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் எந்த மண், எவ்வளவு தண்ணீர், எந்த ஜன்னல், இலையிலிருந்து செடி எப்படி வருகிறது என்பதெல்லாம் ஒரே இடத்திலிருந்து விளங்கிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

தமிழில் கள்ளி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. சதுரக்கள்ளி, திருகுகள்ளி இவையெல்லாம் யூபோர்பியா வகை. கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும். சப்பாத்திக்கள்ளி கேக்டஸ் வகை, அதில் பால் வராது. கேக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகுதான் அது நம் பக்கம் வந்தது. ஆகவே சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி, பால் வரும் நம்ம ஊர்க் கள்ளியாகத்தான் இருக்க முடியும். ஒரே ஒரு கேக்டஸ் மட்டும் அமெரிக்காவுக்கு வெளியிலும் காட்டில் இயல்பாக வளர்கிறது: ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு, பச்சைச் சரம் போலத் தொங்கும். முள் கிடையாது. பார்த்தால் யாரும் கள்ளி என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, முள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. கேக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் புள்ளிக்கு முள்திட்டு என்று வைத்துக்கொள்வோம். கேக்டஸ் குடும்பத்தில்தான் இது உண்டு.

சக்குலன்ட் என்பது இன்னும் பெரிய சொல். இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்து வைக்கும் எல்லாச் செடிக்கும் அந்தப் பெயர். அது குடும்பப் பெயர் கிடையாது. வங்கியில் பணம் போட்டு வைப்பவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்களா என்ன? கற்றாழை சக்குலன்ட். துவையல் அரைக்கும் பிரண்டை, திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சக்குலன்ட். பருப்புக்கீரையும் அப்படித்தான். "எனக்குச் சக்குலன்ட் வளர்க்கத் தெரியாது" என்று சொல்பவர் வீட்டு மாடியில் பிரண்டை படர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மேல்தொட்டியும் மோட்டாரும்

துளசியும் ரோஜாவும் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் வீடு மாதிரி. அன்றன்றைக்குத் தண்ணீர் வந்தால்தான் அன்றைய பாடு நடக்கும். சக்குலன்ட் மொட்டை மாடியில் தொட்டி கட்டிய வீடு. தொட்டி நிறைந்திருக்கும்வரை தெருக்குழாய் பற்றிக் கவலையில்லை.

அந்த வீட்டில் மோட்டாரை எப்போது போடுவீர்கள்? தொட்டி காலியாகும்போது. "செவ்வாய்க்கிழமை ஆச்சு, மோட்டார் போடணும்" என்று யாரும் போடுவதில்லை. போட்டால் அரைமணி நேரம் ஓடவிட்டுத் தொட்டியை நிரப்புவோம், ஒரு சொம்பு ஏற்றிவிட்டு நிறுத்த மாட்டோம். செடிக்குத் தண்ணீர் விடுவதும் இதேதான்: தீர்ந்த பிறகு, நிறைய. "கொஞ்சமாக, அடிக்கடி" என்பது இரண்டு பக்கமும் தவறு. அந்தச் செடி இந்த ஏற்பாட்டுக்காகவே உருவானது. பாலையில் மழை என்றோ ஒரு நாள் கொட்டும், மண் முழுக்க நனையும், சில நாளில் சுத்தமாகக் காயும். தினம் நாலு சொட்டு மழை பெய்யும் ஊர் அதற்குத் தெரியாது.

ராத்திரியில் இறங்கும் சரக்கு

ஏன் இந்தத் தொட்டி அவ்வளவு மெதுவாகத் தீர்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எல்லாச் செடிக்கும் சர்க்கரை தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வரும் வாசல், இலையின் மேல்தோலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. இதை இலைத்துளை என்பார்கள். சிக்கல் என்னவென்றால், வாசலைத் திறந்தால் வாயு உள்ளே வரும்போதே உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடும். மற்ற செடிகள் பகல் வெயிலில் இலைத்துளையைத் திறந்து வைத்து, ஈரத்தை இழந்துகொண்டே வேலை பார்க்கின்றன.

கள்ளி வேறு வழி பிடித்தது. கோயம்பேட்டில் காய்கறி லாரிகள் ராத்திரியில் வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போகும், வியாபாரம் விடிந்த பிறகு நடக்கும். அதே போல இந்தச் செடி இரவின் குளிர்ச்சியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, அதை மாலிக் அமிலமாக மாற்றி உள்ளே சேர்த்து வைக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பு தருவதும் அதே அமிலம்தான். விடிந்ததும் வாசலைச் சாத்திவிடும். பகல் முழுக்க, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, சூரிய ஒளியில் சர்க்கரை செய்யும். வெயில் அடிக்கும் நேரத்தில் கதவு மூடியிருப்பதால் ஈரம் அதிகம் போகாது. இந்த முறைக்கு 'காம்' என்று பெயர்.

இதை முதலில் நாக்கில் உணர்ந்து எழுதியவர் நம் பக்கத்தில் வேலை பார்த்த ஒருவர். பெஞ்சமின் ஹெய்ன், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர். ரணகள்ளி (பெயரில் கள்ளி இருந்தாலும் இது வேறு குடும்பத்துச் சக்குலன்ட்) இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. இலைக்குள் இராச்சரக்கு சேர்ந்து பகலில் தீர்வதை, காரணம் தெரியாமலே சரியாகப் பிடித்திருக்கிறார். (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். ரணகள்ளி வகைகளில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு, ஆடுமாடுகள் தின்று இறந்திருக்கின்றன.)

இங்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திருத்தியாக வேண்டும். "இந்தச் செடிகள் ராத்திரியில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள்" என்று சுற்றுகிறது. இரவில் அவை கரியமில வாயுவை உள்ளே எடுப்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாவது ஒளி இருக்கும்போது மட்டுமே. படுக்கையறையில் தாராளமாக வையுங்கள், அழகாக இருக்கும் என்பதற்காக. கதிர்வீச்சை இழுக்கும் என்பதிலும் எந்த ஆதாரமும் இல்லை.

இராத்திரி குளிர்ந்தால்தான் இந்த வியாபாரம் நன்றாக நடக்கும். சென்னையில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது கஷ்டம். மெக்சிகோ மலைப்பகுதியிலிருந்து வந்த எச்சவேரியா, அதாவது ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் செடி, ஊட்டியிலும் பெங்களூரிலும் செழிப்பாக இருந்துவிட்டுச் சமவெளிக்கு வந்ததும் கோடையில் வாடுவது இதனால்தான். அது உங்கள் கைராசி இல்லை. வேலை நிறுத்தியிருக்கும் செடிக்கு வழக்கமான தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அடுத்துப் பார்ப்போம்.

வேருக்கும் மூச்சு வேண்டும்

வெங்காயத்தை எங்கே வைப்பீர்கள்? காற்றோட்டமான கூடையில். அதே வெங்காயத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நான்கு நாளில் நாறும். தண்ணீர் வெங்காயத்துக்கு விஷம் என்று யாரும் சொல்வதில்லை. ஈரமும் காற்றில்லாமையும் ஒன்றாக நீடிப்பதுதான் கெடுதல்.

வேர் உயிருள்ள பகுதி, அது மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் காற்று இருக்கும், வேர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளி தண்ணீரால் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் நீர் வழியாகத்தான் ஊர்ந்து வர வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஓரிரு நாள் என்றால் வேர் தாங்கும். வாரக்கணக்கில் நீடித்தால் மூச்சுமுட்டிச் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறி, தண்டுக்குள் போகும். அதைத்தான் நாம் அழுகல் என்கிறோம்.

துளசிக்கும் இதே ஆபத்து உண்டே என்று கேட்கலாம். வித்தியாசம் இங்கே: தொட்டியில் ஊற்றிய தண்ணீரைத் துளசி ஒன்றிரண்டு நாளில் உறிஞ்சி இலைவழியாக வெளியே விட்டுவிடும். மண் தானாகக் காய்ந்து, காற்று உள்ளே வந்துவிடும். பகலில் கதவைச் சாத்திக்கொள்ளும் கள்ளி அப்படி உறிஞ்சாது. காற்றோட்டமில்லாத அறையில், துளையில்லாத கிண்ணத்தில், நார்த்தூள் உருண்டைக்குள் இருக்கும் ஈரம் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதற்குள் அடுத்த கால் டம்ளர் வந்து சேரும். என் முதல் கள்ளி செத்தது இப்படித்தான்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. வேர் செத்துவிட்டால் மண்ணில் ஈரம் இருந்தாலும் செடியால் குடிக்க முடியாது. இலை சுருங்கும். சுருக்கத்தைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். ஆகவே சுருங்கிய இலையைப் பார்த்ததும் செம்பை எடுக்காமல் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தொட்டி லேசாக, தண்டு கெட்டியாக, கீழ்வரிசை இலைகள் மட்டும் சுருங்கியிருந்தால் அது தாகம். தொட்டி கனமாக, இலை மஞ்சளித்துக் கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து கொழகொழத்தால் அது அழுகல்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: சக்குலன்ட் நீரைச் சேமிக்கும், பெரும்பாலும் இரவில் வாசலைத் திறக்கும், அதனால் மெதுவாகச் செலவழிக்கும். தொட்டி மண் அதன் உதவியால் காயாது, நாம்தான் காயும்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். இனி வரும் செய்முறை எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

மண்ணில் கல் எவ்வளவு

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டு மேலே மண் போட்டால் நீர் வடியும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் பல வருடம் செய்தேன். அது பலன் தருவதில்லை. சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுதாக நனைத்து, படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி கொஞ்சம் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சின் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தங்கியே தீரும். படுத்த ஸ்பாஞ்சில் அந்த உயரம் பெரும்பகுதி, நிமிர்ந்த ஸ்பாஞ்சில் சின்னப் பகுதி. மண்ணும் ஸ்பாஞ்ச் மாதிரிதான். அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும்.

கல்லை அடியில் தனியாகப் போடாமல் மண் முழுக்கக் கலக்க வேண்டும். நான் கலப்பது இரண்டு பங்கு கல், ஒரு பங்கு செம்மண்ணும் மக்கிய உரமும் சேர்ந்தது. கல் என்றால் உடைந்த செங்கல் துண்டு, சின்னச் சரளை, பெர்லைட், பியூமிஸ் என்ற லேசான கற்கள், எது கிடைத்தாலும் சரி. அளவுதான் முக்கியம்: கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக. சல்லடையில் சலித்துத் தூளைக் கண்டிப்பாகத் தள்ளுங்கள். பூச்சு வேலைக்குப் பயன்படும் நைசான மணலைச் சேர்த்தால் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு தொட்டி முழுக்க இறுகிவிடும். நம் பக்கத்து ஈரக்காற்றுக்கு மண் தொட்டியே நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். அடியில் துளை இல்லாத எதிலும் நட வேண்டாம்.

புதிதாக வாங்கிய செடியை முதல் வாரத்திலேயே வெளியே எடுத்துப் பாருங்கள். வேரைச் சுற்றி நார்த்தூள் உருண்டை இருந்தால், ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிட்டு உங்கள் கலவையில் நடுங்கள். நட்டவுடன் தண்ணீர் வேண்டாம். அறுந்த வேர்கள் ஆற ஒரு வாரம் விடுங்கள்.

தண்ணீர் விடும் நாள்

துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சுத்தமாகக் காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அவ்வளவுதான். இது மார்ச்சில் ஆறு நாளாக இருக்கலாம், ஐப்பசி மழையில் இருபது நாளாக இருக்கலாம். அந்த இடைவெளியைக் காலண்டர் சொல்லாது, குச்சிதான் சொல்லும். ஸ்ப்ரே பாட்டிலால் இலைமேல் தெளிப்பதில் பயன் இல்லை. குடிப்பது வேர். நடுக் குருத்தில் தண்ணீர் தங்கினால் அங்கேயே அழுகல் தொடங்கலாம்.

நம் கண் ஏமாறும் இடம்: வெளிச்சம்

"ஹால் நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு" என்பார்கள். நம் கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால் ஏமாறுகிறது. ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம் சில ஆயிரம். அறையின் நடுவில் 100 முதல் 300. நமக்குப் பத்திரிகை படிக்க அது போதும், கள்ளிக்கு அது பட்டினி. மொபைலில் இலவச லக்ஸ் மீட்டர் செயலி கிடைக்கும். தோராயமாகத்தான் காட்டும் என்றாலும் ஜன்னலிலிருந்து ஓரடி ஓரடியாக உள்ளே நடந்து பார்த்தால் எண் எப்படிச் சரிகிறது என்று தெரியும்.

பட்டினி கிடக்கும் செடி எப்படி இருக்கும் என்று முளைப்பாரி பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் வளர்வதால்தான் அது வெளிர் மஞ்சளாக, ஒல்லியாக, விறுவிறுவென்று நீளமாக வரும். ஒளியைத் தேடி இப்படி வெளுத்து நீள்வதற்கு ஒளித்தேடல் நீட்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். உருண்டைக் கள்ளியின் உச்சி திடீரென்று கூம்பிக் குச்சியாகக் கிளம்பினால் "நல்லா வளருது" என்று மகிழ வேண்டாம். அந்தக் கூம்பிய பகுதி பிறகு வெயிலில் வைத்தாலும் பழையபடி பருக்காது.

கிழக்கு ஜன்னல் மிக நல்லது, கண்ணாடியிலிருந்து ஓரடிக்குள். அதுவும் இல்லாதவர்கள் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட்டைச் செடிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் மேலே கட்டி 12 மணி நேரம் எரியவிடலாம். உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்கிப் போனால் தோல் வெந்து தழும்பாகிவிடும். இரண்டு வாரத்தில் படிப்படியாக நகர்த்துங்கள்.

முதல் செடியாக எதை வாங்குவது? சமவெளியில் வீட்டுக்குள் என்றால் ஹவோர்தியா, மருள் இனத்துச் சான்சிவேரியா, கற்றாழை, ரிப்சாலிஸ், நம் கடைகளில் ஜேட் என்று விற்கும் போர்ச்சுலகேரியா. பச்சைத் தண்டின்மேல் சிவப்பு உருண்டை வைத்த கள்ளி எல்லாருக்கும் ஆசையைத் தூண்டும். அந்தச் சிவப்புக் கள்ளியில் பச்சையமே இல்லை, தானாகச் சமைக்க முடியாது. கீழே இருக்கும் டிராகன் பழக் கொடியின் உறவுக்காரத் தண்டில் ஒட்டுக்கட்டி, அதன் சாப்பாட்டில் வாழ்கிறது. பெரும்பாலும் சில வருடம்தான் இந்தக் கூட்டு தாங்கும். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு அது ஏற்றது இல்லை.

ஒரு துண்டு எப்படிச் செடியாகிறது

முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் மரமாகிறது. சக்குலன்ட் ஒரு படி மேலே. அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன மேல்தொட்டி. வேர் இல்லாமலே வாரக்கணக்கில் தன் நீரையும் சத்தையும் வைத்துப் புது வேர் கட்டிக்கொள்ளும். சப்பாத்திக்கள்ளி இந்த வலிமையால்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் காடுமேடெல்லாம் பரவியது. ஒடிந்து விழுந்த ஒவ்வொரு மட்டையும் விழுந்த இடத்தில் வேர்விட்டது. வெட்டி எறிந்தால் பெருகியது. கடைசியில் கள்ளியை மட்டுமே தின்னும் கொச்சினீல் பூச்சிகளால்தான் அது அடங்கியது.

துண்டு வேர்விடும்வரை தண்ணீர் கேட்காது, குடிக்க வாய் இல்லை. வெட்டுக்காயம் ஈரமாக இருக்கும்போது மண்ணில் வைத்தால் பூஞ்சைக்குக் கதவு திறந்த மாதிரி. முழங்காலில் அடிபட்டால் பொருக்கு கட்டுவது போல, வெட்டு வாயிலும் ஒரு காய்ந்த தோல் படியும். அதற்குக் காயத்தோல் என்று பெயர். அது படியும்வரை நிழலில், காற்றில் வையுங்கள். மெல்லிய இலைக்கு மூன்று, நான்கு நாள் போதும். விரல் பருமனான கள்ளித் தண்டுக்கு ஒன்று, இரண்டு வாரம் ஆகும். மஞ்சள்தூள், பட்டைத்தூள் தடவுகிறார்கள். சுத்தமான கத்தியும் பொறுமையும் இருந்தால் அது தேவைப்படாது.

எல்லாத் துண்டும் செடியாகாது. எந்தப் பகுதியில் புதிதாகப் பிரிந்து வளரக்கூடிய திசு இருக்கிறதோ அதுதான் ஆகும். அதை வளர்திசு என்பார்கள். எச்சவேரியா, கிராப்டோபெட்டாலம், சீடம் வகைகளில் இலை தண்டோடு சேரும் அடிநுனியில் அது உருவாகும். இலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டி, அந்த நுனி முழுதாக வரும்படி கழற்ற வேண்டும். பாதியில் கிழிந்தால் வேர் வந்தாலும் செடி வராது. கற்றாழை மடலை நட்டுப் பலர் ஏமாறுகிறார்கள், அது அழுகத்தான் செய்யும். கற்றாழைக்கு வாழை மாதிரி பக்கக்கன்றுதான். கன்று தாயின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்ததும் வேரோடு பிரித்து நடலாம். சான்சிவேரியா இலையைத் துண்டுகளாக்கி நட்டால் வரும், ஆனால் கீழ்ப்பக்கம் கீழேயே இருக்க வேண்டும். வெட்டியதும் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். மஞ்சள் ஓரம் போட்ட வகையை இப்படி வளர்த்தால் குட்டி வெறும் பச்சையாக வரும், மஞ்சள் ஓரம் வேண்டும் என்றால் பக்கக்கன்றைப் பிரிக்க வேண்டும். ரணகள்ளிக்கு இந்தப் பாடே இல்லை. இலை விளிம்பின் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு குட்டி காத்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. யூபோர்பியாவை வெட்டினால் வரும் பால் கண்ணில் படவே கூடாது, கையுறை போடுங்கள், வெட்டு வாயைத் தண்ணீரில் காட்டிப் பாலை நிறுத்துங்கள். சப்பாத்திக்கள்ளியின் பெரிய முள்ளைவிட, முள்திட்டில் இருக்கும் மயிர் போன்ற குறுமுள் மோசம். மடித்த பேப்பரால் பிடியுங்கள்.

அழுகத் தொடங்கிய செடியையும் இதே அறிவால் காப்பாற்றலாம். அழுகலுக்கு மேலே வெட்டிப் பாருங்கள். வெட்டு முகத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத சுத்தமான சதை வரும்வரை சீவிக்கொண்டே போய், மிஞ்சியதைக் காயவைத்து நடுங்கள். என் முதல் கள்ளியில் மேல்பாதி பச்சையாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியாததால் குப்பையில் போட்டேன்.

தட்டில் வைத்த இலை

சென்ற தை மாதம் பெங்களூரிலிருந்து வந்த தோழி ஒருத்தி கிராப்டோபெட்டாலம் இலைகள் நாலைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். சாம்பல் பூத்த இளஞ்சிவப்பு. ஓர் எவர்சில்வர் தட்டில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வைத்து, கிழக்கு ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில் விட்டேன். தண்ணீர் கிடையாது. நான்காம் நாள் அடிநுனி காய்ந்து வெளிறியது. பிறகு இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் ஓர் இலையின் நுனியில் மூன்று வேர்கள், ரோஸ் நிறத்தில் தலைமயிர் மாதிரி, காற்றில் நீட்டிக்கொண்டு நின்றன. அடுத்த வாரம் அதே இடத்தில் கடுகளவு ஒரு கொத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஐந்து இலை. அப்போதுதான் அதைக் கலவையின்மேல் படுக்க வைத்து, வேர் இருக்கும் பக்கம் மட்டும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை நனைத்தேன். குட்டிக்கு இன்னும் மேல்தொட்டி பெரிதாகவில்லையே, அதுவரைதான் இந்தச் சலுகை.

குட்டி பருக்கப் பருக்கத் தாய் இலை சுருங்கிக்கொண்டே வந்தது. பறிக்கக் கை போனது, பறிக்கவில்லை. அது இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தது. இரண்டரை மாதத்தில் காய்ந்த வெங்காயத் தோல் போலாகி, தொட்டதும் தானாகக் கையோடு வந்துவிட்டது. மற்ற மூன்றில் இரண்டு செடியாயின, ஒன்று அடிநுனி கிழிந்திருந்ததால் வெறும் வேரோடு நின்றுபோனது.

அந்தச் செடியில் இப்போது பதினேழு இலை. கீழ்வரிசையிலிருந்து ஒன்றைக் கழற்றி, நேற்று அதே தட்டில் வைத்திருக்கிறேன்.